அந்தியில் ஊதக் கூடாத குழல்

செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளோடு பாலகிருஷ்ணன் இசையறை வாசலில் வந்து நின்றபோது, மரவள்ளிக்கிழங்கு என்றுதான் நினைத்தேன். தோட்டத்துப் பெற்றோர் சிலர் எப்போதாவது வீட்டுப் பின்புறம் விளைந்ததைக் கொண்டுவந்து தருவார்கள். நானும் கூச்சமே இல்லாமல் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன்.

பிரித்துப் பார்த்தால் ரெக்கோர்டர். அவர் மகள் தாரணிக்குப் பள்ளியில் கொடுத்த பால்வெள்ளைப் பிளாஸ்டிக் குழல். அதைத் தொடவே பிடிக்காதவர்போல நாலு தாளில் சுற்றியிருந்தார்.

வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு நின்றார். சட்டையில் செம்பனைப் பழத்தின் எண்ணெய் வாடை.

"இத நீங்களே வச்சிக்குங்க டீச்சர். புள்ள கேட்டாலும் குடுக்காதீங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன். நடைபாதையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தி நேரத்துல எடுத்து ஊதுது. பூச்சி வரும்."

பூச்சி என்றால் எந்தப் பூச்சி என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்பதால் பெயர் சொல்லாமல் சொல்லப்படுகிற, காலில்லாத, படமெடுக்கிற பூச்சி.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. என் கணவரைக் கேட்டால் தெரியும். ரெக்கோர்டர் பற்றி வந்த எல்லாப் புகாரையும் நான் கேட்டிருக்கிறேன். அடுத்த வீட்டு நாய் ஊளையிடுகிறது என்றார் ஒருவர். லோரி பின்னால் வருகிற சத்தம் மாதிரி இருக்கிறது, பாப்பா தூங்க மாட்டேன் என்கிறாள் என்றார் ஒரு தாய். அதெல்லாம் நியாயமான புகார்கள். பாம்பு வரும் என்று யாரும் சொன்னதில்லை.

பள்ளிகளுக்கு இடையிலான ரெக்கோர்டர் போட்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. குழுவுக்குத் தலைவி தாரணி. அந்தத் தலைவியின் குழல் இப்போது செய்தித்தாளோடு என் மேசைமேல் கிடந்தது.

கணக்கு டீச்சருக்குக் கிடைத்த இசை

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி பெற்றது கணக்குப் பாடத்துக்கு. இசை என் தலையில் வந்து விழுந்தது.

எங்கள் பள்ளி பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் இடையில் இருக்கிற சின்னத் தமிழ்ப்பள்ளி. முன்பு இசை சொல்லிக்கொடுத்த ஆசிரியை கோலா கெடா பக்கம் மாற்றலாகிப் போனார். அந்த வருட முதல் கூட்டத்தில் தலைமையாசிரியர் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். சரஸ்வதி பூசைக்குத் தேவாரம் நன்றாகப் பாடுகிறீர்களே, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆரம்பப் பள்ளியில் பாடங்களைப் பிரிக்கிற முறை அப்படித்தான். நல்ல காலணி வைத்திருக்கிறவருக்கு உடற்கல்வி.

தேவாரம் பாடத் தெரியும். ரெக்கோர்டரை எந்தப் பக்கம் வாயில் வைப்பது என்றுகூடத் தெரியாது. சுங்கைப்பட்டாணியில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் காணொளி பார்த்துப் பழகினேன். வெளியே என் கணவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

நாலாம் ஆண்டு வகுப்பில் முதன்முதலாக ரெக்கோர்டர் கொடுக்கிற நாள் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் பலூன் ஊதுகிற வேகத்தில் ஊதும். "சூடான மைலோவ ஆத்துற மாதிரி ஊது" என்று தொண்டை வறளக் கத்துவேன். கடைசி ஓட்டையைச் சின்ன விரல் எட்டாது. எட்டாத இடத்திலிருந்து ஒரு கீச்சு கிளம்பும். அப்புறம் எச்சில். அப்புறம் யாருடையது எது என்கிற சண்டை. ஒவ்வொரு குழலிலும் நகப்பூச்சால் ஓர் அடையாளம் போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கலக்கி எல்லாவற்றையும் கழுவிக் காயவைப்போம்.

மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, ஏதோ ஒரு நாள், எல்லாருக்கும் ஒரே சுரம் ஒரே நேரத்தில் சுத்தமாக வந்துவிடும். வந்ததும் ஊதுவதை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யார் செய்தது இது என்று கேட்பதுபோல இருக்கும். முதல் வருடம் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வருடம் இசைக்கு வேறு ஆள் போடவா என்று தலைமையாசிரியர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தோசைக்கரண்டி

தாரணி அப்போது ஐந்தாம் ஆண்டு. வகுப்பில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத பிள்ளை. கேள்வி கேட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பாள்; பதில் வருவதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் ரெக்கோர்டரை எடுத்தால் மட்டும் பக்கத்தில் ஊதுகிறவர்களைக் காது கொடுத்துக் கேட்பாள். இது பெரியவர்களுக்கே வராத குணம். தான் ஊதுவது மட்டும்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும். இவளுக்கு மற்றவர்கள் ஊதுவதும் கேட்டது. அதனால்தான் அவளைத் தலைவியாக்கினேன். சொன்ன அன்று அவள் சிரித்த சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அவள் அம்மாவுக்குக் கூலிம் ஹைடெக் பூங்காவில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் வீட்டுப் பொறுப்பு முக்கால்வாசி பாலகிருஷ்ணனுடையது. மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்து, குளித்து, துணி துவைத்து, ராத்திரிச் சமையலை ஆரம்பிப்பார். அவர் அடுப்படியில் இருக்கும் அந்த ஆறு, ஏழு மணிக்குத்தான் தாரணி பாடம் முடித்துக் குழலை எடுப்பாள். அதுதான் அந்தி நேரம். அதுதான் வம்பு.

இசையறை வாசலில் நின்ற மனிதரிடம் நான் வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். பாம்புக்கு நம்மைப்போல் வெளிக்காது கிடையாது, குழலோசைக்கு மயங்கி வருவதெல்லாம் சினிமாவில்தான், மகுடிக்காரன் கை அசைவதைப் பார்த்துத்தான் அது ஆடுகிறது என்று படித்ததையெல்லாம் அடுக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது உள்ளே வந்து இடது கையை மேசைமேல் வைத்தார்.

இரண்டு விரல்கள் மடங்கவில்லை. புறங்கையில் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது.

போன மழைக்காலத்துக்கு முந்திய மழைக்காலம். உதிர்ந்து கிடந்த பழங்களைப் பொறுக்கும்போது, வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குள் கையை விட்டிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். எலி இருந்தால் பூச்சி இருக்கும். எலி பிடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி வைத்திருக்கிறார்கள், ஆந்தை மட்டும் போதவில்லை. கடித்தது தெரிந்ததும் குறுக்குப் பாதையில் வீட்டுக்கு நடந்துவிட்டார். வாசலுக்கு வந்தபோது கண் இருட்டிவிட்டது. வீட்டில் தாரணி மட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை செருப்பில்லாமல் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவந்திருக்கிறாள்.

"எனக்கு வந்தது போதும் டீச்சர். அதுக்கு வரக் கூடாது" என்றார்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கேலி செய்ய எனக்கும் யோக்கியதை கிடையாது. எங்கள் அம்மா வீட்டில் விளக்கு வைத்தபிறகு விசில் அடித்தால் முதுகில் ரோத்தான் பிரம்பு விழும். என் மாமியார் இன்றைக்கும் கயிறு என்றுதான் சொல்வார். கணக்கு டீச்சரான நானே பொழுது சாய்ந்து குப்பை போடப் போகும்போது அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டேன். படிப்பு ஒரு பக்கம் இருக்கும், பயம் ஒரு பக்கம் இருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். குழல் வீட்டுக்குப் போகாது. பகலில், ஆட்கள் நடுவில் ஊதினால் அவருக்கு ஆட்சேபணை இல்லை. "நாலு பேரு இருக்கிற எடத்துல அது வராது" என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் அவராகவே பள்ளிவாசலில் என்னைப் பார்த்து, தாரணி வீட்டில் தோசைக்கரண்டியின் காம்பைப் பிடித்துக்கொண்டு விரல்களை மட்டும் ஆட்டுகிறாள் என்றார். சத்தமில்லாமல் ஊதுகிறாளாம். அதைத் தடுக்க அவருக்கு வழி தெரியவில்லை. தடுக்கத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அமுதாக்காவின் வேன்

இசைக்கு வாரத்தில் ஒரு பாடவேளைதான். மணி அடித்ததும் வேன் கிளம்பிவிடும். கரண்டிக் காம்பில் விரல் பழகும், மூச்சு பழகாது. என்ன செய்வதென்று யோசித்தபோது, அந்த வேனையே பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. குழுவில் முக்கால்வாசிப் பேர் ஒரே தோட்டம், ஒரே வேன்.

வேன் ஓட்டுவது அமுதாக்கா. என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் அந்தத் தோட்டத்தில் அவரை அக்கா என்று கூப்பிடாதவர் இல்லை. நான் போய்க் கேட்டேன். பிள்ளைகள் வேனில் வாசித்துக்கொண்டு வரட்டுமா என்றதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பவே காட்டுக் கத்தல்தான் டீச்சர். இதுல கொழல் வேறயா" என்றார். கொஞ்சம் யோசித்து, "சரி ஊதட்டும். சளி புடிச்சது ஊதக் கூடாது, சொல்லிட்டேன்லா" என்றார். வேனில் ஓடும் பாட்டை அன்றிலிருந்து அவரே நிறுத்திவிட்டார். பள்ளியிலிருந்து கிளம்பும்போது குழல்களை எண்ணிக் கொடுத்து, தோட்டத்தில் இறங்கும்போது எண்ணி வாங்கி வைத்துக்கொள்கிற வேலையையும் ஏற்றுக்கொண்டார். தாரணி வீட்டுக்குள் போகும்போது கை வெறுங்கையாக இருப்பதைப் பாலகிருஷ்ணனும் பார்த்துக்கொண்டார்.

போட்டி மெட்டு நான் கட்டியது. நாலே வரி. தாலாட்டுக்கும் பள்ளிப் பாட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. நானே மெச்சிக்கொள்ளக் கூடாது, ஆனால் மோசமில்லை.

தினமும் தோட்டத்துக்குள் திரும்பும் முனையில் முனீஸ்வரர் கோயில் வரும். அமுதாக்கா அங்கே வேகத்தைக் குறைத்துக் கும்பிடுவார், பிள்ளைகளும் கும்பிடுவார்கள். கும்பிட்டு முடித்ததும் மெட்டை ஆரம்பிப்பார்கள். போட்டி நெருங்க நெருங்க நன்றாக வருகிறது என்று அமுதாக்கா சொன்னார். பள்ளியில் என் முன்னால் வாசிக்கும்போதும் நன்றாகத்தான் வந்தது. நான் கையைத் தட்டித் தாளம் போடுவேன். என் கையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார்கள். அதனால் வேனுக்குள் என்ன நடந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மேடையில் நடந்தது

போட்டி சுங்கைப்பட்டாணியில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை. தாரணியின் அம்மாவுக்கு ஷிப்ட். பாலகிருஷ்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு அமுதாக்கா வேனில் வந்து இறங்கினார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆசிரியர் மேடை ஏறக் கூடாது என்பது போட்டி விதி. என் கையைப் பார்க்காமல் பிள்ளைகள் வாசிக்கப்போவது அதுதான் முதல் முறை. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தாரணி தலையசைத்தாள். ஆரம்பித்தார்கள். முதல் வரி சுத்தம். இரண்டாம் வரியில் யாரோ கொஞ்சம் முந்தப் பார்க்க, அவள் ஓரக்கண்ணால் பார்த்து அடக்கினாள். மூன்றாம் வரி முடிகிற இடத்தில், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வேன் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாகக் குழலை வாயிலிருந்து எடுத்தார்கள்.

எடுத்து, மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் ஒரே ஒரு குழல் மட்டும் ஒலித்தது. பட்டணத்திலிருந்து அப்பா காரில் வருகிற அஸ்வின் அவன். என்ன நடக்கிறதென்று புரியாமல், நிறுத்தவும் பயந்து, கைவசம் இருந்த கடைசிச் சுரத்தையே நீட்டிக்கொண்டு நின்றான். மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த ஒற்றைச் சுரம் நெடுக ஓடியது.

வேன் பிள்ளைகள் எல்லாரும் உடம்பை லேசாக ஒரு தூக்குத் தூக்கி இறக்கினார்கள். உடனே குழல் வாய்க்குப் போனது. நாலாம் வரியை ஓர் இழை பிசகாமல் சேர்ந்து வாசித்து முடித்தார்கள்.

அவர்கள் குழலை எடுத்துவிட்டு நின்ற அந்த இடைவெளியில்தான் கடைசி வரிசையில் ஓர் ஆள் வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலகிருஷ்ணன். பக்கத்தில் அமுதாக்கா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

விஷயத்தை அமுதாக்காதான் பிறகு சொன்னார். முனீஸ்வரர் கோயிலில் ஆரம்பித்தால், அவர் போகும் வேகத்துக்கு மூன்றாம் வரி முடியும்போது தோட்டத்து வாசலில் வேகத்தைக் குறைக்கப் போட்டிருக்கும் மேடு, அந்தப் போங்கோல் வந்துவிடும். அவர் வேகம் மாறவே மாறாது. பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தாலும் அதே வேகம்தான். முதல் நாள் அந்த மேட்டில் வேன் ஏறி இறங்கியதில் ஒரு பிள்ளைக்குக் குழல் குத்தி உதடு கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு சட்டம் போட்டார். "போங்கோல் வருது, வாயில இருந்து எடு." எடுப்பார்கள். வேன் ஏறி இறங்கும். மறுபடி ஊதுவார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தினமும் இப்படித்தான். அன்று காலை வேனில் கூடவே வந்த பாலகிருஷ்ணன் போங்கோலில் பிள்ளைகள் குழலை எடுத்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். அதனால் மண்டபத்தில் அவருக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது.

எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அதற்குள் நடுவர்களில் ஒருவரான மலாய் அம்மையார் என்னைத் தேடி வந்து, நடுவே வந்த அந்த நிறுத்தமும் தனிக்குழலும் மிக அழகான யோசனை என்று பாராட்டிவிட்டுப் போனார். எங்களுக்கு மூன்றாம் பரிசு. அதற்குப் பட்ட பாட்டைவிட, அவரிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்கத்தான் அதிகப் பாடுபட வேண்டியிருந்தது. கோப்பை தேநீர்க் குவளை அளவுதான். வேனில் அதைத் தாரணி மடியில் வைத்துக்கொண்டு போனாளாம். போங்கோல் வந்தபோது கோப்பையைத் தூக்கிப் பிடித்தாளாம்.

பாலகிருஷ்ணன் வேனில் ஏறுமுன் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். மடங்காத அந்த இரண்டு விரல்கள் மட்டும் விலகி நின்றன.

கடைசியாக ஒன்று

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். அமுதாக்கா முறுக்கு சுட்டு வைத்திருப்பதாகச் சொன்னதால் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பேச்சு வளர்ந்து, கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எங்கோ தூரத்தில் பாங்கு ஒலித்து ஓய்ந்தது. வரிசை வீடுகளைக் கடந்து மெதுவாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

என் மெட்டு கேட்டது.

எனக்குப் பகீரென்றது. பள்ளி விடுமுறை என்பதால், பாலகிருஷ்ணனிடம் பேசியதை மறந்து, குழல்களைப் பிள்ளைகளிடமே விட்டு வைத்திருந்தோம். அப்பாவுக்குத் தெரியாமல் ஊதுகிறாள், இன்றைக்கு இவளும் நானும் சேர்ந்து வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் போகிறோம் என்று காரை நிறுத்தினேன்.

தாரணி வாசல் படியில், விளக்குக்குக் கீழே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். வீட்டைச் சுற்றிப் பூச்சி அண்டாமலிருக்கக் கந்தகத் தூள் புதிதாகத் தூவியிருந்தது; மஞ்சள் கோடு விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. கோட்டுக்கு வெளியே பாலகிருஷ்ணன் நின்றார். இடுப்பில் கைலி, காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். வலது கையில் ஆளைவிட உயரமான கம்பு. இடது கையில் டார்ச் லைட்டை அந்த இரண்டு விரல்களுக்கு இடையில் செருகிப் பிடித்து, முற்றத்துப் புல்லில் அடி அடியாக ஒளியை நகர்த்திக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. கம்பை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது மறையவில்லை.

"ஊதட்டும் டீச்சர்" என்றார். "வந்தா நான் பாத்துக்குறேன்."

பாம்புக்குக் காது இல்லை என்று நான் மறுபடியும் சொல்லவில்லை.

மூன்றாம் வரி முடிந்தது. தாரணி குழலை வாயிலிருந்து எடுத்தாள். பாலகிருஷ்ணனின் டார்ச் வெளிச்சமும் புல்லில் அப்படியே நின்றது. அவள் நாலாம் வரியை ஆரம்பித்ததும் அது மறுபடி நகர்ந்தது.

வீட்டின் பின்பக்கம் அவருடைய வெளிச்சம் எட்டாத ஒரு மூலை இருட்டாகக் கிடந்தது. நான் காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, முன்விளக்கு அந்த மூலையில் விழும்படி திருப்பி நிறுத்தினேன். அவள் ஊதி முடிக்கிறவரை அங்கேயே இருந்தேன்.